கடல் காக்கும் இளைஞர்

நம் நாடு மூன்று புறமும் கடலால் சூழப்பெற்றது. புதிய அளவீட்டின்படி அதன் கடற்கரையின் நீளம் 11,000 கிலோமீட்டருக்கும் மேலாகும். பிற நாடுகளோடு நாம் நடத்தும் வாணிகத்தில் எடையளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு கடல் வழியாகவே நடைபெறுகின்றது. நம் அடுப்பில் எரியும் எரிவாயுவும், ஊர்திகளை ஓட்டும் எண்ணெயும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவையே. நிலத்தின் எல்லையில் வேலி அமைக்கலாம், மதில் எழுப்பலாம். கடலிலோ வேலியிட இயலாது. அங்கு வேலியாய் நிற்பவர் கடற்படை வீரரே. நேற்றுவரை பள்ளியில் நம்மைப் போல் பாடம் படித்தவர்கள், கப்பலேறி நாடு காக்கும் வீரராக எவ்வாறு உருவாகின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

படையில் சேர்தல்

கடற்படையில் புக வாயில்கள் இரண்டு உள்ளன. ஒன்று மாலுமியாகச் சேர்வது; மற்றொன்று அதிகாரியாகச் சேர்வது. மாலுமிகளுக்கென 2022ஆம் ஆண்டில் அக்னிபத் என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி பதினேழரை வயது முதல் 21 வயது வரையுள்ள இளைஞரும் இளம்பெண்களும் படையில் சேரலாம். பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கு ஒரு பிரிவும், கணிதமும் இயற்பியலும் பயின்று பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர்க்கு மற்றொரு பிரிவும் உண்டு. எழுத்துத் தேர்வு, உடல்திறன் தேர்வு, மருத்துவச் சோதனை ஆகிய மூன்றையும் கடந்தவரே தேர்ந்தெடுக்கப்படுவர். ஆண்கள் 1.6 கிலோமீட்டர் தொலைவை ஆறரை நிமிடத்திலும், பெண்கள் எட்டு நிமிடத்திலும் ஓடி முடித்தல் வேண்டும் என்பது அத்தேர்வின் விதிகளுள் ஒன்று.

இத்திட்டத்தின்கீழ்ச் சேர்வோர் நான்காண்டுக் காலம் பணி புரிவர். அதன்பின் அவர்களுள் நாலில் ஒரு பங்கினர் வரையே படையில் நிலையாக வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் வேறு தொழிலை நாட வேண்டும். ஆதலால், சீருடையின் அழகை மட்டும் கண்டு மயங்காமல், இவற்றையெல்லாம் நன்கு ஆராய்ந்து, பெற்றோரோடும் ஆசிரியரோடும் கலந்து பேசிய பின்னரே ஒருவர் இப்பணியை மேற்கொள்ளுதல் நன்று.

சில்காவில் முதல் நாட்கள்

ஒடிசா மாநிலத்தில், வங்கக் கடலை ஒட்டிச் சில்கா என்னும் பரந்த உப்பங்கழி உள்ளது. அதன் கரையில் 1980ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பயிற்சி நிலையமே ஐ.என்.எஸ். சில்கா. ஐ.என்.எஸ். என்பது இந்தியக் கடற்படைக் கப்பல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகும். நிலத்தின்மேல் நிற்கும் நிலையத்தையும் கப்பல் என்றே வழங்குதல் கடற்படையின் மரபு. கரையில் இருக்கும்போதே கடலில் இருப்பதாக எண்ணி ஒழுக வேண்டும் என்பதே அதன் கருத்துப் போலும்!

இந்நிலையத்திற்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்கு விளங்காது. ஒருவர் உண்ணும் உணவு மற்றவருக்குப் பழக்கமன்று. அவர்கள் அனைவரும் ஒரே வகையாக முடி குறைத்து, ஒரே வகை உடை உடுத்து, ஒரே கூடத்தில் உறங்குகின்றனர். பொழுது புலருமுன் எழுகின்றனர். படுக்கையைச் சுருக்கமின்றி விரித்து வைத்தல், காலணியை மெருகேற்றுதல், உடையைத் தாமே துவைத்துத் தேய்த்தல் முதலியவற்றை ஒருநாளும் தவறாது செய்கின்றனர். வீட்டில் தாய் செய்து தந்த வேலைகளை இங்குத் தம் கையாலேயே செய்யும்பொழுதுதான், அவ்வேலைகளின் அருமையைப் பலரும் உணர்கின்றனர்.

முதல் சில வாரங்கள் கடுமையானவை. கால் வலிக்கும், வீட்டு நினைவு வாட்டும். 'இச்சிறு செயல்களுக்கும் போருக்கும் என்ன தொடர்பு?' என்னும் ஐயம் புதியவர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அதற்கு விடை கப்பலில் கிடைக்கும். போர்க்கப்பலில் இடம் மிகக் குறுகியது. ஒருவர் கவனமின்றி வைத்த பொருள், கப்பல் ஆடும்பொழுது உருண்டு மற்றவர் காலை ஒடித்துவிடக்கூடும். வழியில் கிடக்கும் ஒரு கயிறு, இருளில் ஓடிவரும் வீரரை வீழ்த்திவிடும். எனவே, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய இடத்தில் வைக்கும் வழக்கம் பிறர் உயிரைக் காக்கும் வழக்கமே ஆகும்.

அணிவகுப்பும் இத்தகையதே. நூறு பேர் ஒரே ஒலியில் அடி எடுத்து வைப்பது காண்பதற்கு இனிய காட்சி. ஆயினும் அதன் பயன் காட்சியளவில் நின்றுவிடுவதில்லை. தன் விருப்பத்தை ஒருகணம் ஒதுக்கி, கட்டளையைச் செவிமடுத்து, அண்டையில் நிற்பவரோடு இணைந்து இயங்கும் பண்பை அது வளர்க்கின்றது.

நீரும் கயிறும்

கடற்படையில் சேர்வோர் அனைவரும் ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர் அல்லர். மலைநாட்டிலும் வறண்ட ஊர்களிலும் பிறந்து, கடலையே கண்டிராதவரும் அவர்களுள் உண்டு. ஆனால் நீந்தக் கல்லாமல் எவரும் பயிற்சியை முடிக்க இயலாது. உயரமான பலகையிலிருந்து நீரில் குதிக்கவும், நெடுநேரம் மிதந்து நிற்கவும் கற்பிக்கின்றனர். முதல் நாள் பலகையின் விளிம்பில் நடுங்கி நின்றவர், சில வாரங்களில் அஞ்சாமல் குதிக்கின்றார். அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று கூற இயலாது. அச்சம் இருக்கும்பொழுதே செய்ய வேண்டியதைச் செய்யும் ஆற்றல் வந்துவிட்டது.

படகு வலித்தலும் இன்றியமையாத பயிற்சியாகும். துடுப்புகள் ஒருசேர நீரில் இறங்கி ஒருசேர எழுதல் வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் துடுப்போடு துடுப்பு மோதும், படகு திசைமாறும். அங்கே வலிமை மிக்கவர் தம் வலிமையை மட்டும் காட்டிப் பயனில்லை. எல்லோரோடும் ஒத்து வலிப்பவரே சிறந்த படகோட்டி.

இன்று கப்பல்கள் இயந்திரத்தால் ஓடினும், கயிற்றின் பயன் குறையவில்லை. கப்பலைத் துறையில் கட்டவும், படகை இறக்கவும், நீரில் வீழ்ந்தவரைத் தூக்கவும் கயிறு வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் இறுகிச் சுருங்காத கண்ணி ஒன்று உண்டு. அதை நீரில் தத்தளிப்பவரின் உடலைச் சுற்றியிட்டு இழுத்தால், அவரை நெரிக்காமல் மேலே கொணரும். வேலை முடிந்ததும் எளிதில் அவிழ்ந்துவிடும். இத்தகைய முடிச்சுகளைப் பகலில் மட்டுமன்றி, கண்ணைக் கட்டிக்கொண்டும் போடப் பழக வேண்டும். ஏனெனில், ஆபத்து பகலைப் பார்த்து வருவதில்லை.

கப்பலின் வழக்கங்கள்

கப்பலுக்கெனத் தனி வழக்கங்கள் உள்ளன. அங்கு இடப்புறம், வலப்புறம் என்று கூறுவதில்லை. 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்றே கூறுவர். இருவர் எதிரெதிரே நின்றால் ஒருவரின் இடம் மற்றவரின் வலமாகும். அவசர வேளையில் இது பெருங்குழப்பத்தை விளைவிக்கும். கப்பலின் முன்பக்கம் நோக்கி நிற்பவரின் இடப்புறம் போர்ட், வலப்புறம் ஸ்டார்போர்ட். எவர் எத்திசை நோக்கி நிற்பினும் இவை மாறா. இரவில் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும், வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரியும். எதிரே வரும் கப்பலின் விளக்கைக் கண்டே, அது எத்திசையில் செல்கின்றது என்பதை அறிந்துகொள்ளலாம்.

நம் முன்னோர் இரவை யாமங்களாகப் பகுத்துக் காவல் வைத்தனர். கப்பலிலும் நாள் முழுவதும் நான்கு மணி நேரக் காவல்களாகப் பகுக்கப்படும். ஆயினும் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரையுள்ள காவலை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரிப்பர். இதனால் ஒரு நாளின் காவல்கள் ஆறு என்பது ஏழாகிவிடும். காரணம் யாது? காவல்கள் ஆறாக இருப்பின், முறைவைத்து மாறும் அணிகள் இரண்டாயினும் மூன்றாயினும், ஒரே அணியினர்க்கே நாள்தோறும் நள்ளிரவுக் காவல் வந்து சேரும். ஏழாக இருந்தால் முறை தானே மாறிக்கொண்டே வரும். துன்பம் எல்லோர்க்கும் சமமாகப் பகிரப்படும். நீதி என்பது பெரிய நூல்களில் மட்டும் உள்ளதன்று. இத்தகைய சிறிய ஏற்பாடுகளிலும் உள்ளது.

நள்ளிரவில் காவல் நிற்கும் வீரரை எண்ணிப் பாருங்கள். முன்னே கருங்கடல், மேலே விண்மீன்கள். கீழே நூற்றுக்கணக்கானோர் உறங்குகின்றனர். காவலர் விழித்திருக்கின்றார் என்னும் ஒரே நம்பிக்கையால்தான் அவர்கள் கண்மூடி உறங்குகின்றனர். தூக்கம் இமைகளை அழுத்தினும் அந்நம்பிக்கையைக் காப்பதே அவரது கடமை.

தீயையும் நீரையும் வெல்லுதல்

அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு மாதம் நடைபெறும். அதன்பின் அவரவர் தொழிலுக்கேற்ற பள்ளிகளுக்கு அனுப்பப்படுவர். இயந்திரத் தொழில் பயில்வோர் லோனாவ்லாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜிக்கும், மின்தொழில் பயில்வோர் ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுராவுக்கும், பீரங்கித் தொழில் பயில்வோர் கொச்சியில் உள்ள ஐ.என்.எஸ். துரோணாச்சார்யாவுக்கும் செல்வர்.

எத்தொழிலினராயினும் தீயணைக்கவும், கப்பலில் புகும் நீரைத் தடுக்கவும் கற்றே ஆக வேண்டும். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமில்லை; தீயணைப்பு வண்டியும் வாராது. சமையற்காரரும் எழுத்தரும்கூட அப்பொழுது தீயணைப்போரே. இதற்கெனக் கப்பலறை போன்ற கூடங்களை அமைத்துப் பயிற்சி அளிக்கின்றனர். சுவரில் உள்ள துளைகள் வழியே நீர் பீறிட்டு வரும், விளக்கு அணையும், தரை ஆடும், நீர் முழங்கால் கடந்து மார்பளவு ஏறும். அந்நிலையில் மரக்கட்டைகளாலும் ஆப்புகளாலும் துளைகளை அடைத்தல் வேண்டும். ஒருவர் விளக்குப் பிடிக்க, ஒருவர் கட்டையைத் தாங்க, ஒருவர் சம்மட்டியால் அடிக்க, மூவரும் ஒரே உடம்பின் உறுப்புகள் போல் இயங்கினாலன்றி நீர் நில்லாது.

இப்பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதை நம் கடற்படையின் வரலாறே உணர்த்தும். 1971ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, டையூவுக்கு அப்பால் கடலில் சென்றுகொண்டிருந்த ஐ.என்.எஸ். குக்ரி என்னும் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலொன்று தாக்கியது. சில நிமிடங்களில் குக்ரி மூழ்கலாயிற்று. அதன் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா, கப்பலை விட்டு நீங்குமாறு வீரர்க்கு ஆணையிட்டார். தம்மாலியன்றவரைப் பிறர் தப்புவதற்கு உதவினார். தாம் கப்பலை நீங்காமல் அதனோடே கடலில் மறைந்தார். அன்று 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர். முல்லாவுக்கு அவர் மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. தலைவர் என்பார் கட்டளையிடுவதில் முதல்வராகவும், தப்பிச் செல்வதில் கடைசியானவராகவும் இருத்தல் வேண்டும் என்பதை அவர் தம் உயிரால் எழுதிக் காட்டினார்.

அதிகாரிகளின் பயிற்சி

அத்தகைய தலைமைப் பண்பை வளர்க்கும் இடம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள ஏழிமலை இந்தியக் கடற்படைக் கழகமாகும். 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இக்கழகம் கடலும் மலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. சங்கப் புலவர் பாடிய நன்னனின் ஏழில்மலை இதுவே. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேராக இங்கு வந்து நான்காண்டு பொறியியல் பயில்வோரும் உண்டு. புணேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டு பயின்று வருவோரும் உண்டு. அத்தேசியக் கழகத்தில் பயின்ற முதல் பெண்கள் அணியினர் 17 பேர் 2025ஆம் ஆண்டு மே மாதம் தேறி வெளிவந்தனர்.

நம் கடற்படைக்கு முதல் இந்தியத் தலைவராக விளங்கிய ராம்தாஸ் கட்டாரி, 1911ஆம் ஆண்டு செங்கற்பட்டில் பிறந்தவர். பம்பாயில் நின்ற டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பலில் 1927ஆம் ஆண்டு சேர்ந்த முதல் அணி மாணவருள் அவரும் ஒருவர். அயலார் ஆட்சியில், இந்தியர்க்குக் கடற்பணியின் உயர்நிலைகள் அரிதாயிருந்த காலம் அது. எனினும் அவர் தளராது உழைத்து, 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் கடற்படைத் தலைமையை ஏற்றார்.

கீழ்ப்படிதலும் மானமும்

படைக்குக் கீழ்ப்படிதல் உயிர் போன்றது. ஆனால் கீழ்ப்படிதல் வேறு, அடிமைத்தனம் வேறு. 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பம்பாயில் தல்வார் என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த இந்திய மாலுமிகள் பணி செய்ய மறுத்தனர். உண்ணத்தகாத உணவும், வெள்ளை அதிகாரிகள் சிலரின் இழிசொற்களும், விடுதலை வேட்கையும் அதற்குக் காரணங்களாயின. கிளர்ச்சி பல துறைமுகங்களுக்கும் பரவியது. பிப்ரவரி 23ஆம் நாள், வல்லபபாய் படேல் முதலிய தலைவர்களின் அறிவுரையை ஏற்று மாலுமிகள் பணிந்தனர். அவர்களுள் பலர் வேலையிழந்தனர்.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. ஆணையிடுவோர் தம் கீழுள்ளோரின் மானத்தை மதியாவிடின், ஒழுங்கு நெடுநாள் நிலைபெறாது. அதனால்தான் இன்றைய பயிற்சியில், வீரரின் உணவையும் உறையுளையும் நலனையும் முதலில் கவனித்துப் பின்னரே தம் நலனைக் கவனிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கற்பிக்கின்றனர்.

பாய்விரித்துச் செல்லுதல்

அணுவாற்றலால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள் உள்ள இக்காலத்தில், பாய்மரக் கப்பலில் பயிற்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். காற்றின் போக்கையும் கடலின் குணத்தையும் அறிவதற்கு அதனினும் சிறந்த பள்ளி இல்லை. 1997ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். தரங்கிணி மூன்று பாய்மரங்களும் 20 பாய்களும் உடையது. இளம் அதிகாரிகள் அதன் மரத்திலேறிப் பாய்களை விரித்தும் சுருக்கியும் பழகுகின்றனர். அக்கப்பல் 2003, 2004ஆம் ஆண்டுகளில் உலகையே வலம் வந்தது.

பயிற்சியும் துணிவும் சேர்ந்தால் என்ன இயலும் என்பதை இரு பெண் அதிகாரிகள் அண்மையில் காட்டினர். கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி என்னும் பாய்க்கலத்தில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டனர். கலத்தில் அவ்விருவரையன்றி வேறெவரும் இலர். ஒருவர் உறங்கினால் மற்றவர் சுக்கான் பிடிப்பார். தென்கடலின் கடுங்குளிரையும் மலைபோன்ற அலைகளையும் கடந்து, தென்னமெரிக்காவின் தென்முனையில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றி, 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மீண்டும் கோவாவை அடைந்தனர். எட்டு மாதப் பயணத்திற்காக அவர்கள் மூன்றாண்டுகள் பயிற்சி பெற்றனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பயிற்சியின் பயன்

2023ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், அக்னிபத் திட்டத்தின்கீழ்ச் சேர்ந்த முதல் அணியினர் சில்காவில் பயிற்சி முடித்தனர். அவர்கள் 2,500க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 270க்கும் மேற்பட்டோர் பெண்கள். வழக்கத்திற்கு மாறாக, அன்று நிறைவு அணிவகுப்பு ஞாயிறு மறைந்த பின் விளக்கொளியில் நடைபெற்றது. நான்கு மாதங்களுக்கு முன் ஒருவரையொருவர் அறியாதிருந்தவர்கள் அன்று ஒரே அடியெடுத்து நடந்தனர்.

கடற்படை போருக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டு ஏமன் நாட்டில் போர் மூண்டபொழுது, அங்கிருந்த இந்தியர் ஆயிரக்கணக்கானோர் திரும்ப வழியின்றித் தவித்தனர். மார்ச்சு 31ஆம் நாள், ஐ.என்.எஸ். சுமித்ரா என்னும் காவற்கப்பல், சண்டை நடந்துகொண்டிருந்த ஏடன் துறைமுகத்திற்குச் சென்று மக்களை ஏற்றி வந்தது. பிற கப்பல்களும் விமானங்களும் தொடர்ந்து உதவின. இவ்வாறு 4,600க்கும் மேற்பட்ட இந்தியரும், 41 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 960 அயல்நாட்டினரும் மீட்கப்பட்டனர். குழந்தைகளைக் கைப்பற்றிக் கப்பலில் ஏற்றிய அவ்வீரர்கள், ஒரு காலத்தில் சில்காவின் கரையில் முடிச்சுப் போடவும் துடுப்பு வலிக்கவும் கற்றவர்களே.

மாணவர்களே! நீங்கள் அனைவரும் கடற்படையில் சேர வேண்டும் என்பதில்லை. நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், உங்கள் விழிப்பை நம்பிப் பிறர் உறங்கும் வேளை ஒன்று வரும். மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியும், தொடர்வண்டிக்குக் கைகாட்டி இறக்கும் ஊழியரும், ஏரிக்கரையைக் காக்கும் உழவரும் அத்தகைய காவலரே. சிறிய கடமையை நாள்தோறும் செம்மையாகச் செய்து பழகியவரே, பெரிய இடர் வரும்பொழுது நிலைகலங்காது நிற்பர். கடற்படைப் பயிற்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

வினாக்கள்

1. நிலத்தில் உள்ள பயிற்சி நிலையத்தையும் கப்பல் என வழங்குவதன் கருத்து யாது?
2. கப்பலில் ஒரு நாளின் காவல்களை ஏழாகப் பகுப்பதன் காரணத்தை விளக்குக.
3. கேப்டன் முல்லாவின் செயலால் விளங்கும் தலைமைப் பண்பு யாது?
4. 'கீழ்ப்படிதல் வேறு, அடிமைத்தனம் வேறு' என்பதை 1946ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.
5. உங்கள் ஊரில் பிறர் உறங்க விழித்திருப்போர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.